கெட்டுப்போன தேன் தேவை

"அத்தை, ஃபிரிட்ஜ் மேல இருந்த தேன் பாட்டில் எங்க?"

சோபனா சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள். ஒரு தோளில் கல்லூரிப் பை. கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அந்தப் பாட்டிலைக் குலுங்காமல் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக முந்தின நாள் வேலூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துச் சுமந்து வந்த பெட்டி அது.

"அதுவா?" என்றாள் மாமியார் கண்ணம்மாள், தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேலாக்க வெள்ளையா பூசணம் பூத்துக் கெடந்துச்சு. கவுத்துட்டு, வெந்நீர் ஊத்தி, சோப்பு போட்டு கழுவி வெயில்ல வச்சிருக்கேன். கடலப்பருப்பு கொட்டி வைக்க ஆவும்."

சோபனா தெர்மாகோல் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள். தலையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் தேவைப்பட்டது.

"அத்தை, அந்தப் பூசணத்தத்தான் நான் மூணு வாரமா பத்திரமா பாத்துனு இருந்தேன்."

"பாத்துக்கறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா உனக்கு?"

கண்ணம்மாள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் சோபனாவுக்கு வேறொன்றும் கிடைக்கத்தான் இல்லை. வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆசிரியையாக இருக்கும் அவள், ஆறு வருடமாக ஒரு பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, தேனில் வாழும் பூஞ்சைகள். தலைப்பு வைத்த பிறகுதான் தெரிந்தது, தேனில் எதுவும் சுலபத்தில் வாழாது என்று. அவ்வளவு சர்க்கரை. எது விழுந்தாலும் அதன் உடம்பிலிருக்கும் தண்ணீரைத் தேன் உறிஞ்சிவிடும். ஆறு வருடத்தில் அவள் திறந்து பார்த்த பாட்டில்களில் பாதி சுத்தமாக இருந்தன, மீதியில் எறும்பு இருந்தது.

அப்படியிருக்க, ஆம்பூரில் தன் வீட்டு ஃபிரிட்ஜ் தலையிலேயே அது பூத்தது. மூன்று வாரத்துக்கு முன்பு அதில் ஊசி முனையளவு எடுத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கும் கண்ணாடித் தட்டில் சாதாரணக் கூழ் ஊற்றி வைத்தால் முறைத்துக்கொண்டு கிடந்தது. பாதிக்குப் பாதி சர்க்கரை போட்டுக் காய்ச்சிய கூழில் வைத்தால், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி தட்டு முழுக்கப் பரவியது. வெள்ளை வெல்வெட். மைக்ராஸ்கோப்பில் அதன் விதைத்தூள் எந்தப் புத்தகத்திலும் இல்லாத வடிவத்தில் இருந்தது. வழிகாட்டி பேராசிரியர் வேதாசலம் அரைமணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"ஏம்மா, இது புதுசு மாதிரி இருக்கே!"

வேதாசலம் மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் சோபனாவுக்கு வேறு வழிகாட்டி. புது வழிகாட்டிகள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "தலைப்பை மாத்திடலாமே." இது ஜனவரி.

சோபனா கொல்லைக்கு ஓடிக் குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். வெண்டைக்காய்க் காம்புகளுக்கு நடுவே பாட்டிலின் மூடி கிடைத்தது. மூடியின் உள்விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஆய்வகத்திலிருந்து சுத்தமான குப்பி கொண்டுவந்து மறுநாள் எடுத்துப் போகலாம் என்று அதை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்து, "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

கண்ணம்மாள் தொடவில்லை. தொட்டது சோபனாவின் கணவன் செந்தில்குமார்.

செந்தில்குமார் ஒரு ஷூ கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. அவன் பிழைப்பே பூசணத்தை ஒழிப்பதுதான். மழைக்காலத்தில் ஒரே ஒரு ஷூவில் ஒரு புள்ளி பூத்தால் போதும், கடல் தாண்டிப் போன கன்டெய்னர் முழுக்கத் திரும்பி வரும். அதனால் பேனாவை மறந்தாலும் பூசணத் தடுப்பு ஸ்டிக்கரை மறக்கமாட்டான். சட்டைப் பையில் எப்போதும் பத்து இருக்கும். சாயங்காலம் வந்தவன் டப்பாவைத் திறந்து பார்த்தான். மனைவி இவ்வளவு பத்திரப்படுத்துகிறாளே என்று மனமிளகி நான்கு ஸ்டிக்கரை உள்ளே போட்டு மூடினான்.

மறுநாள் காலை வெள்ளைக் கோடு சுருண்டு பழுப்பாகியிருந்தது.

"ஃபங்கஸ் புடிச்சிடப் போவுதேன்னு போட்டேன்" என்றான்.

"அது ஃபங்கஸ்தாங்க!"

"அதான் சொல்றேன், புடிச்சிருந்துச்சு. இப்ப பாரு, க்ளீன்."

ஆக, உலகத்தில் மிச்சமிருந்தது கல்லூரி ஆய்வகத்தில் இருந்த ஒரே ஒரு தட்டு. வேதாசலம் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு பாட்டில், ஒரு தட்டு. இத வச்சு புது இனம்னு எழுதினா, 'உங்க லேப் ஃபேன்லேர்ந்து விழுந்திருக்கும்'னு ஜர்னல்காரன் ஒரே வரியில திருப்பி அனுப்பிடுவான். இன்னும் ரெண்டு மூணு எடத்துத் தேன்லேர்ந்து இதே பூஞ்சை வரணும். அந்தத் தேன் எங்கேர்ந்து வந்துச்சோ, அங்கேர்ந்து ஆரம்பிங்க."

அந்தத் தேன் மாதனூரிலிருந்து வந்தது. கண்ணம்மாளின் தம்பி ரத்தினசாமி தென்னந்தோப்பில் நாற்பது பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறார். செந்தில்குமாருக்குத் தாய்மாமன், முறைப்படி சோபனாவுக்குச் சித்தப்பா. ஆள் ஆறடி. மீசை தனி. தேன் எடுக்கும்போது தேனீக்களே அந்த மீசையைப் பார்த்து ஒதுங்கிப் போகும் என்று ஊரில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை சோபனா போனதும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவள் குடித்து முடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சித்தப்பா, உங்ககிட்ட கெட்டுப்போன தேன் இருக்குமா?"

"இன்னா தேன்?"

"பூசணம் புடிச்சது. அத்தைக்கு நீங்க குடுத்தீங்களே, அதுல ரொம்ப அருமையா புடிச்சிருந்துச்சு. அதே மாதிரி இன்னும் ரெண்டு பாட்டில் கெடைச்சா போதும்."

ரத்தினசாமி அரிவாளைக் கீழே வைத்தார். பிறகு செல்போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

"யக்கா, உன் மருமவ வந்துகீறா. என் தேன் பூசணம்ன்றா. அதையும் சிரிச்சினே சொல்றா."

சோபனா வீடு திரும்பியபோது கண்ணம்மாள் பேச்சை நிறுத்தியிருந்தாள். தட்டில் சோறு வந்தது, குழம்பு வந்தது, வார்த்தை வரவில்லை. இரண்டாம் நாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பொறந்த வூட்டுலேர்ந்து எனக்கு வர்றதே அந்த ஒரு பாட்டில் தேன்தான். அதையும் கெட்டதுன்னு அங்கியே போயி சொல்லிட்டு வந்தாச்சு."

இதைச் சரிசெய்ய சோபனாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. புது இனத்துக்கு யார் பெயரையும் வைக்கலாமே! உடனே ரத்தினசாமிக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பா, அந்தப் பூஞ்சைக்கு உங்க பேரையே வச்சிடலாம்னு இருக்கேன். ஒலகம் பூரா விஞ்ஞானிங்க உங்க பேரச் சொல்லுவாங்க."

"இன்னான்னு சொல்லுவாங்க?" என்றார் ரத்தினசாமி. "'ஐயோ, பாட்டில்ல ரத்தினசாமி புடிச்சிடுச்சு, தூக்கிக் கடாசு'ன்னா?"

போன் துண்டிக்கப்பட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ரத்தினசாமி தனக்குத் தெரிந்த தேன் வியாபாரிகளிடம் எல்லாம், "ஆம்பூர்லேர்ந்து ஒரு பொம்பள வருது, கண்ணாடி போட்டுனு இருக்கும், கெட்ட தேன் இருக்கான்னு கேக்கும், உஷாரு" என்று சொல்லிவைத்தார். சொன்னது ஒரு வாய்க்கு ஒரு வாய் வளர்ந்தது. சோபனா அடுத்த சனிக்கிழமை ஆற்காட்டில் இறங்கியபோது அவள் உணவுப் பாதுகாப்பு அதிகாரியாகியிருந்தாள்.

அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா விற்கும் கடை ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்கு மேலே தேன் பாட்டில்கள் இருந்த இடம் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. கடைக்காரர் எழுந்து நின்றே பேசினார்.

"பழைய ஸ்டாக் ஒரு பாட்டில் கூட இல்ல மேடம். முந்தாநேத்தே மொத்தமும் கொட்டிட்டோம்."

"கொட்டிட்டீங்களா!" என்று சோபனா அலறினாள். "அதுல பூசணம் இருந்துச்சா?"

"ஒரே ஒரு பாட்டில்ல லேசா இருந்துச்சு. சத்தியமா அதத்தான் மேடம் மொதல்ல கொட்டினோம்."

சோபனாவின் கண் கலங்கியது. அதிகாரி அழுவதை அதுவரை பார்த்திராத கடைக்காரர் அரைக் கிலோ மக்கன் பேடாவையும் புதுத் தேன் ஒரு பாட்டிலையும் பையில் போட்டுக் கையில் திணித்து, "வூட்ல பெரியவங்களுக்குக் குடுங்க" என்று வழியனுப்பினார்.

ஸ்டிக்கர் போட்ட குற்ற உணர்ச்சி செந்தில்குமாரை அரித்துக்கொண்டிருந்தது. மனைவிக்கு உதவ அவனும் ஒரு காரியம் செய்தான். கம்பெனி வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டான்: "கெட்டுப்போன தேன் தேவை. யார் வீட்டிலாவது இருந்தால் தூக்கிப் போடாமல் எனக்குக் கொடுக்கவும். அவசரம். செந்தில்குமார், தரக்கட்டுப்பாடு."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு கரண்டி அவன் தட்டில் வைத்தார்கள். ராணிப்பேட்டையிலிருந்து வரும் கட்டிங் பிரிவு தானிஷ் தனியாகக் கூப்பிட்டு ஒரு பாட்டிலை நீட்டினான்.

"நல்ல தேன்ணா. எங்க வூட்டாண்ட எடுத்தது. கெட்டதெல்லாம் சாப்புடாதீங்க. கஷ்டம்னா எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"கஷ்டம் இல்லடா. வீட்ல ஃபங்கஸ் வளக்கறாங்க, அதுக்கு."

இந்தப் பதில் ஒரு மணி நேரத்தில் மேனேஜர் காதுக்குப் போனது. அன்று முதல் செந்தில்குமார் மட்டும் கம்பெனி வாசலில் செருப்பைக் கழற்றி, கையில் மருந்து தெளித்துக்கொண்டு, தலைக்கு உறை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்குப் போகும் டாக்டர் மாதிரி இருந்தான்.

அந்த வாரக் கடைசியில் ரத்தினசாமியே ஆம்பூர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. ஒரு பாட்டிலை மேசைமேல் ணங்கென்று வைத்தார்.

"புதுசா எடுத்தது. உன் காலேஜுலியே வச்சிக்கோ. தொறந்து வையி, மூடி வையி, இன்னா வேணா பண்ணு. ரத்தினசாமி தேன்ல ஒரு புள்ளி பூசணம் வந்துச்சுன்னா இந்த மீசைய எடுத்துடறேன்!"

ஆக மாதனூர், ஆற்காடு, ராணிப்பேட்டை என்று மூன்று பாட்டில். மூன்றும் நல்ல தேன். பளிங்கு மாதிரி. வேறு வழியில்லாமல் சோபனா அவற்றை ஆய்வகத்தில் ஈரக்காற்றுள்ள வெதுவெதுப்பான அலமாரியில் மூடியைத் தளர்த்தி வைத்தாள். இயற்கையாக ஏதாவது ஒளிந்திருந்தால் நான்கு வாரத்தில் தலைகாட்டும் என்று வேதாசலம் சொன்னார்.

ஒரு வாரம், ஒன்றுமில்லை. இரண்டு வாரம், ஒன்றுமில்லை. நான்காவது வாரம் மாதனூர் பாட்டிலில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. சோபனா கூச்சலிட்டு வேதாசலத்தை அழைத்துவர, அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "டியூப் லைட்டும்மா, பிரதிபலிக்குது" என்றார்.

அவர் போன பிறகு சோபனா மேசைமேல் தலை கவிழ்த்து அழுதாள். ஆறு வருடம் சத்தமில்லாமல் சேர்ந்த அழுகை, ஒரே மூச்சில் வந்தது. ஆய்வக உதவியாளர் ஹெலன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அழாதீங்க மேடம். கர்த்தர் கைவிடமாட்டாரு. மொகத்த கழுவுங்க, க்ளாஸ் இருக்கு."

வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்த்ததும் கண்ணம்மாளின் மௌன விரதம் தானாகக் கலைந்தது.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணுலயும் பூக்கல அத்தை. அவ்ளோதான். நான் படிச்சது போதும்."

கண்ணம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு நெடுநேரம் தயங்கினாள். பிள்ளை வேண்டுமென்று கேட்டிருக்கிறாள், மழை வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். தம்பி கொடுத்த தேன் கெட்டுப்போக வேண்டுமென்று எப்படிக் கேட்பது? கடைசியில் பூசாரி காதில் விழாதபடி முணுமுணுத்தாள்.

"தாயே, மூணு பாட்டில்லயும் பூக்கணும். இன்னா பூக்கணும்னு உனக்கே தெரியும்."

இரண்டு வாரம் கழிந்து ஒரு திங்கட்கிழமை காலை சோபனா அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். பிறகு டியூப் லைட்டை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு ஜன்னலையும் சாத்திவிட்டுப் பார்த்தாள்.

மூன்று பாட்டிலிலும் வெள்ளை வெல்வெட்.

வேதாசலம் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி வந்தார். மைக்ராஸ்கோப்பில் மூன்றும் பழைய தட்டோடு அச்சு அசலாகப் பொருந்தின. டி.என்.ஏ. பார்க்கச் சென்னைக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது: நான்கும் ஒன்றே. உலகத்தில் இதுவரை பதிவான எதோடும் பொருந்தவில்லை.

"மாதனூர், ராணிப்பேட்டை, ஆற்காடு" என்று வேதாசலம் வரைபடத்தில் மூன்று சிவப்புப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு வளைந்து வளைந்து போனது. "பாத்தியாம்மா? பாலாறு! அப்படியே ஆத்தங்கரையோரமா போவுது! இது இந்தப் பள்ளத்தாக்குக்கே சொந்தமான இனம்!" யார் பெயரும் வேண்டாம், ஆற்றின் பெயரையே வைத்துவிடலாம் என்று முடிவானது. பூஞ்சைக்கு 'பாலாரென்சிஸ்' என்று பெயரானது.

கண்ணம்மாள் கோயிலில் பொங்கல் வைத்தாள். ரத்தினசாமிக்குச் செய்தி போனது. சோபனா எவ்வளவோ கெஞ்சினாள், அது தேனின் குற்றமில்லை, இயற்கை என்றாள். அவர் கேட்கவில்லை. "சொன்னா சொன்னதுதான்" என்று நேராக முடிதிருத்தும் கடைக்குப் போனார். அதன்பிறகு அவர் தோப்புக்குள் போனால் தேனீக்கள் யாரோ வெளியாள் என்று நினைத்துக் கொட்டின. அதையும் பொறுத்துக்கொண்டார்.

ஆய்வேடு மே மாதம் இருபத்தெட்டாம் தேதி போய்ச் சேர்ந்தது. வேதாசலம் முப்பத்தொன்றாம் தேதி மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

டிசம்பரில் வாய்மொழித் தேர்வு. கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் வேதாசலம். அடுத்த வரிசையில் பட்டுப்புடவையில் கண்ணம்மாள், தலைக்கு உறை போடாமல் வந்த செந்தில்குமார், இன்னும் மீசை வளர்க்காத வெறும் உதட்டைத் துண்டால் மறைத்துக்கொண்டு ரத்தினசாமி. புதுச்சேரியிலிருந்து வந்த தேர்வாளர் அன்பரசன் கறாரான மனிதர் என்று பெயரெடுத்தவர். ஆனால் அந்த வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"மூணு ஊரு, மூணு பாட்டில். எப்படி எல்லாத்துலயும் இதே பூஞ்சை?"

சோபனா கம்பீரமாகப் பதில் சொன்னாள். பாலாற்றங்கரைத் தென்னம்பூக்களில் இந்தப் பூஞ்சையின் விதைத்தூள் படிந்திருக்கலாம், தேனீக்களின் காலில் ஒட்டி அது கூட்டுக்கு வந்திருக்கலாம், தேனில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து சரியான ஈரம் கிடைத்ததும் விழித்திருக்கலாம். இருபது நிமிடம் பேசினாள். வேதாசலம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

"பிரமாதம்" என்றார் அன்பரசன். "நாங்க பத்து வருஷமா நூத்துக்கணக்கான பாட்டில் பாத்தோம், ஒண்ணு கூட இப்படி வரல. நீங்க வச்ச மூணும் வந்திருக்கு. உங்க பொறுமைக்குக் கெடைச்ச பரிசு." அரங்கம் கைதட்டியது. கண்ணம்மாள் மாரியம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கடைசியா ஒரு கேள்வி. இந்த ஆராய்ச்சியில உங்களுக்குப் பெரிய துணையா இருந்தது யாரு?"

சோபனா திரும்பிப் பார்த்தாள். எல்லோருக்கும் கொடுப்பதற்காகச் சமோசாத் தட்டோடு ஹெலன் கதவோரம் நின்றிருந்தாள்.

"எங்க ஹெலனம்மா சார். நான் மனசு விட்டுப்போன அன்னிக்கு அவங்கதான் கூட நின்னாங்க."

"அப்படியா? முன்னாடி வாங்கம்மா" என்று அன்பரசன் ஒலிவாங்கியையே அவள் பக்கம் நீட்டினார். "கூச்சப்படாம சொல்லுங்க, மேடத்துக்கு இன்னா உதவி பண்ணீங்க?"

ஹெலன் தட்டை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தாள்.

"பெருசா ஒண்ணும் பண்ணல சார். மூணு பாட்டில்லயும் ஒண்ணுமே பூக்கலன்னு மேடம் அழுதுனு இருந்தாங்களா, பாக்கவே பாவமா இருந்துச்சு, அதான் அவங்க க்ளாஸுக்குப் போனதும் அந்தப் பழைய தட்டுலேர்ந்து துளியூண்டு கிள்ளி மூணுலயும் போட்டு வச்சேன், பாலுக்கு உறை ஊத்துற மாதிரி!"